வால்துண்டு யாருக்கு?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். புரட்டாசி பிறந்தால் அசைவம் தவிர்ப்பதன் காரணங்கள், ஆடியில் கூழ், மார்கழியில் பொங்கல், எந்தக் காயை எதனோடு சேர்க்கலாம், இரவில் எதைத் தொடக்கூடாது என்று வீட்டுச் சாப்பாட்டு விதிகளைப் பற்றிப் பத்திரிகைகளில் ஆண்டு முழுவதும் ஏதாவது வந்துகொண்டே இருக்கிறது. நானும் அவற்றை விடாமல் படிக்கிறவள்தான். சிலவற்றைக் கத்தரித்தும் வைத்திருக்கிறேன். ஆனால் எதைச் சாப்பிடுவது, எந்த நாளில் சாப்பிடுவது என்ற இரண்டோடு அந்தக் கட்டுரைகள் முடிந்துவிடுகின்றன. ஒரு வீட்டில் யார் முதலில் உட்காருவது, யாருக்கு எந்தத் துண்டு, மிச்சத்தை வழித்துச் சாப்பிடுவது யார் என்பதற்கும் விதிகள் உண்டு. மற்ற விதிகள் எல்லாம் தளர்ந்த பிறகும் இவை மட்டும் அப்படியே நிற்கின்றன. அதை எழுதத்தான் இக்கடிதம்.

நான் திருத்துறைப்பூண்டி வட்டத்தில் ஒரு சிற்றூரைச் சேர்ந்தவள். 1984 முதல் 2020 வரை ஊராட்சி ஒன்றியப் பள்ளியில் சத்துணவு அமைப்பாளராக வேலை பார்த்து ஓய்வு பெற்றேன். பகலில் பள்ளியில் பிள்ளைகளுக்கு அளந்து போட்டுவிட்டு, வீட்டுக்கு வந்து அளவே இல்லாத பந்தியில் கடைசியாக உட்கார்ந்தவள் என்பதால், இதைப் பற்றிப் பேச எனக்குக் கொஞ்சம் தகுதி இருப்பதாக நினைக்கிறேன்.

நான் மருமகளாக வந்தபோது மாமியார் வீட்டில் விதிகளுக்குப் பஞ்சமில்லை. செவ்வாய், வெள்ளி, அமாவாசை, கார்த்திகை, புரட்டாசிச் சனி ஆகிய நாள்களில் கவுச்சி கூடாது. மீன் சட்டி தனி. அது அடுப்படிக்குள் வராமல் கொல்லைத் தாழ்வாரத்திலேயே கவிழ்ந்து கிடக்கும். இரவில் கீரை, தயிர், இஞ்சி, நெல்லிக்காய் நான்கும் ஆகாது. எண்ணெய் தேய்த்துக் குளித்த அன்று இளநீர் ஆகாது. மீன் தின்ற வாயோடு மோர் குடித்தால் உடம்பில் வெள்ளை விழும். பிள்ளைத்தாய்ச்சி பப்பாளியையும் எள்ளையும் திரும்பிப் பார்க்கக்கூடாது. பிள்ளை பெற்றவளுக்குப் பூண்டுக் குழம்பும் பால்சுறாவும் உண்டு. தண்ணீர் மட்டும் அளந்துதான், இல்லாவிட்டால் வயிறு பெருத்துவிடுமாம். இவற்றில் சில நல்லவை, சில கெட்டவை (பால் கொடுக்கிறவளுக்குத் தண்ணீரை நிறுத்துவதைவிடக் கெட்ட விதியை நான் கேள்விப்பட்டதில்லை), பெரும்பாலானவை நல்லதிலும் சேராமல் கெட்டதிலும் சேராமல் இருப்பவை. இரவில் கீரை வேண்டாம் என்பதற்குச் செரிக்காது என்று ஒரு காரணமும், சிம்னி விளக்கு வெளிச்சத்தில் புழு தெரியாது என்று இன்னொரு காரணமும் சொல்வார்கள். இரண்டாவதுதான் எனக்கு நியாயமாகப் பட்டது. அடுப்படியில் குழல்விளக்கு வந்ததும் அந்த நியாயமும் போய்விட்டது.

இந்த விதிகளை எல்லாம் என் மாமியார் வாய்விட்டுச் சொன்னார். சொன்னதால்தான் அவற்றை மறுத்துப் பேசவும் முடிந்தது. என் பிள்ளைகள் வளர்ந்ததும் காரணம் கேட்டார்கள். வெளியூருக்குப் படிக்கப் போனார்கள். புரட்டாசியில் பிரியாணி தின்றுவிட்டு வந்து சொல்லாமல் இருந்தார்கள். அடுத்த ஆண்டு சொல்லிவிட்டே தின்றார்கள். இன்று என் வீட்டில் அமாவாசையும் புரட்டாசிச் சனியும்தான் மிச்சம். அவற்றை நான் மனமாரக் கடைப்பிடிக்கிறேன். விரதத்தை விடுங்கள் என்று யாருக்கும் சொல்ல வரவில்லை.

யாரும் வாயால் சொல்லாத விதி ஒன்று இருந்தது. முதலில் மாமனார், அடுத்து மகன்கள், அவர்களோடு பேரப்பிள்ளைகள், பிறகு மாமியார், எல்லோரும் கை கழுவிய பின் மருமகள்கள். அமாவாசை என்றால் இந்த வரிசைக்கு முன்னால் காக்கையும் சேர்ந்துகொள்ளும். காலையிலிருந்து பச்சைத் தண்ணீர் பல்லில் படாமல் சமைத்து, இலை போட்டு, கூரைமேல் சோறு வைத்துக் கூப்பிட்டு, காக்கை வந்து எடுத்த பிறகுதான் ஆண்கள் உட்காருவார்கள். நாங்கள் உட்காரும்போது மணி மூன்றாகிவிடும். காக்கை எனக்கு முன்னால் சாப்பிடுகிறதே என்று அந்த நாள்களில் ஒருமுறைகூட எனக்குத் தோன்றவில்லை என்பதுதான் இப்போது வியப்பாக இருக்கிறது. 'பந்திக்கு முந்து, படைக்குப் பிந்து' என்ற பழமொழி பெண்களுக்கும் சேர்த்துச் சொல்லப்பட்டது என்று எங்கள் வீட்டில் எவரும் எண்ணியதில்லை.

வரிசையோடு துண்டும் முடிவாகிவிடும். ஞாயிற்றுக்கிழமை முத்துப்பேட்டை மீன் வரும். கொடுவா ஒன்றை நறுக்கினால் நடுத்துண்டு நாலைந்துதான் தேறும்; அவை மாமனாருக்கும் மகன்களுக்கும். தலை, மூளைக்கு நல்லது என்று பேரன்களுக்கு. பேத்திகளின் மூளையைப் பற்றி யாரும் கவலைப்பட்டதாக நினைவில்லை. வால்துண்டு எங்களுக்கு, அதுவும் யாரும் மறுசோறு கேட்காமல் இருந்தால். கோழி அடித்தால் காலும் ஈரலும் பையன்களுக்குப் போகும், கழுத்தும் விலா எலும்பும் எங்கள் பங்கு. சட்டியின் அடியில் கரண்டி உரசும் சத்தம் கேட்டால், இன்றைக்கு நமக்கு வெறும் குழம்புதான் என்று ஓரகத்தியும் நானும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்வோம். சிரித்துக்கொண்டுதான் பார்ப்போம், அழுதுகொண்டு அல்ல.

அந்த வெறும் குழம்புச் சட்டியில் இரண்டு பிடி சோற்றைப் போட்டுப் பிரட்டித் தின்பது பெரிய ருசி என்று இப்போது பலரும் உருகி எழுதுகிறார்கள். அம்மா உருட்டிக் கொடுத்த சட்டிச்சோற்றுக்கு ஈடு இணை இல்லை என்கிறார்கள். ருசிதான், நான் மறுக்கவில்லை. ஆனால் அம்மா ஏன் சட்டியில் சோற்றைப் போட்டாள் என்று கேட்டுப் பார்க்க வேண்டும். தட்டில் ஊற்றிக்கொள்ளும் அளவுக்குக் குழம்பு மிஞ்சவில்லை என்பதால்தான் போட்டாள். அந்தக் கடைசி இரண்டு பிடியிலும் ஓர் உருண்டையை, பக்கத்தில் வந்து நின்ற பிள்ளையின் வாயில் வைத்தாள்.

பள்ளியில் நான் பார்த்த பந்தி வேறு. 1956இல் காமராஜர் ஆட்சியில் தொடங்கிய மதிய உணவு, 1982 ஜூலை 1ஆம் நாள் எம்.ஜி.ஆர். ஆட்சியில் சத்துணவுத் திட்டமாக விரிந்ததும், அதனால் பள்ளிக்கு வந்த பிள்ளைகளின் எண்ணிக்கை கூடியதும் ஊரறிந்த செய்தி. எனக்கு அதில் பெரிதாகப் பட்டது தராசு. தொடக்கப்பள்ளிப் பிள்ளை ஒன்றுக்கு 100 கிராம் அரிசி. தலைகளை எண்ணி, பெருக்கி, நிறுத்து, பதிவேட்டில் எழுதிவிட்டுத்தான் உலையில் போடுவோம். ஆண் பிள்ளைக்கு இவ்வளவு, பெண் பிள்ளைக்கு இவ்வளவு என்று எந்தச் சுற்றறிக்கையிலும் இல்லை. 1989இல் இரண்டு வாரத்துக்கு ஒரு முட்டை என்று தொடங்கி, 2010இல் வாரத்துக்கு ஐந்து முட்டை என்றானது. முட்டை சாப்பிடாத பிள்ளைக்கு வாழைப்பழம். வரிசையில் முதலில் உட்கார்ந்த பிள்ளைக்கும் கடைசியில் உட்கார்ந்த பிள்ளைக்கும் ஒரே முட்டைதான். கடைசியில் உட்கார்ந்தது என்பதற்காக எந்தப் பிள்ளைக்கும் பாதி முட்டை போட எனக்கு அதிகாரம் இல்லை.

ஆனால் வீட்டு விதி பள்ளிக்கும் வந்துவிடும். முட்டை போட்ட நாள்களில் சில பிள்ளைகள் அதைத் தின்னாமல் பாவாடை மடிப்பிலோ புத்தகப் பையிலோ ஒளித்து வைப்பார்கள். பள்ளியிலேயே தின்ன வேண்டும் என்பது விதி என்பதால், நாங்கள் பார்த்தால் பிடித்துக்கொள்வோம். யாருக்கு என்று கேட்டால் எப்போதும் ஒரே பதில்தான் வரும்: 'தம்பிக்கு, டீச்சர்.' பையன்கள் யாருமே ஒளித்து வைத்ததில்லை என்று சொல்லமாட்டேன், ஒன்றிரண்டு பேர் செய்திருக்கிறார்கள். ஆனால் முப்பத்தாறு ஆண்டில் 'அக்காவுக்கு' என்ற பதிலை நான் கேட்டது நினைவில் இல்லை. நான்காம் வகுப்புப் பெண் பிள்ளைக்கு இதை யார் சொல்லிக் கொடுத்தார்கள்? யாரும் சொல்லியிருக்கமாட்டார்கள். அம்மாவின் தட்டைத் தினமும் பார்க்கிறாள், அவ்வளவுதான். 'உண்டி சுருங்குதல் பெண்டிர்க்கு அழகு' என்று நாங்கள் எல்லோரும் சிறு வயதில் ராகம் போட்டு ஒப்பித்தவர்கள்தான். ஒப்பிக்காதவர்கள் வீட்டிலும் அந்த வரி நடைமுறையில் இருக்கிறது.

இதற்கு விலை உண்டு. 2019–21இல் நடந்த ஐந்தாவது தேசியக் குடும்பநல ஆய்வின்படி, இந்தியாவில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் நூற்றுக்கு 57 பேருக்கு இரத்தசோகை இருக்கிறது. அதே வயது ஆண்களில் நூற்றுக்கு 25 பேருக்கு. இத்தனை உணவுத் திட்டங்களில் நாட்டுக்கே வழிகாட்டிய தமிழ்நாட்டிலும் பெண்களில் நூற்றுக்கு 53 பேர். இதற்கெல்லாம் கடைசியில் சாப்பிடுவதுதான் காரணம் என்று நான் சொன்னால் மருத்துவர்கள் ஒப்புக்கொள்ளமாட்டார்கள். மாதவிடாய் இரத்தப்போக்கு, அடுத்தடுத்த பிரசவம், குடற்புழு என்று பல காரணங்கள் உண்டு. ஆனால் அந்தக் காரணங்கள் எல்லாம் பெண்ணுக்குக் கூடுதலாகச் சாப்பாடு வேண்டும் என்றுதானே சொல்கின்றன? ஐதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் 2020ஆம் ஆண்டுப் பரிந்துரை, வளர்ந்த ஆணுக்கு நாளொன்றுக்கு 19 மில்லிகிராம் இரும்புச்சத்தும் பெண்ணுக்கு 29 மில்லிகிராமும் வேண்டும் என்கிறது. ஆணைவிட ஒன்றரை மடங்கு. எங்கள் வீட்டு மீன் சட்டியின் கணக்கு இதற்கு நேர் எதிராக இருந்தது: யாருக்கு ஈரல் அதிகம் தேவையோ அவளுக்குக் கழுத்தெலும்பு.

மாமியாரைக் குறை சொல்வதற்காக இதை எழுதவில்லை. அவர் தம் மாமியாரிடம் வாலையும் கழுத்தையும் வாங்கித் தின்றவர்தான். என்னைக் குறை சொல்லிக்கொள்ள வேண்டியிருக்கிறது. பள்ளியில் தராசு பிடித்த இதே கைதான், என் மகனுக்குக் கல்யாணமாகி மருமகள் வந்ததும் அவளுக்கு வால்துண்டை வைத்தது. நினைத்துச் செய்யவில்லை, கை தானாகப் போனது. அவள் முழுகாமல் இருந்தபோது ஐந்தாம் மாதப் பரிசோதனையில் இரத்த அளவு எட்டரைதான் என்று வந்தது. கர்ப்பிணிக்குப் பதினொன்றுக்குக் குறையக்கூடாது. கிராமச் சுகாதார செவிலியர் மாத்திரை கொடுத்தார், முருங்கைக்கீரை, பேரீச்சை என்று வழக்கமான பட்டியலைச் சொன்னார், பிறகு சாதாரணமாகக் கேட்டார்: 'வீட்ல நீ எத்தனாவது ஆளா சாப்புடுற?' மருமகள் பதில் சொல்லாமல் என்னைப் பார்த்தாள். ஊரார் பிள்ளைகளுக்கு நான் பிடித்த தராசைப் பற்றி அன்று வரை எனக்கிருந்த பெருமையெல்லாம் அந்த ஒரு பார்வையில் இறங்கிப் போயிற்று.

அரசு கர்ப்பிணிகளுக்குக் கொடுக்கும் ஊட்டச்சத்துப் பெட்டகத்தில் பேரீச்சை, நெய், சத்துமாவு எல்லாம் இருக்கின்றன. அங்கன்வாடியிலும் இணை உணவு தருகிறார்கள். அவை வீட்டு வாசலைத் தாண்டியதும் என்ன ஆகின்றன என்பதை எந்தப் பதிவேடும் காட்டாது. நெய் பேரனின் பருப்புச் சோற்றுக்குப் போகிறது. பேரீச்சைக் கொட்டை எல்லார் கையிலும் இருக்கிறது. மாவை அடையாகத் தட்டினால் சூடாக இருக்கும்போதே ஆண்கள் சாப்பிட்டு முடித்துவிடுகிறார்கள். வீட்டில் பகிர்ந்துண்பது நல்ல பழக்கம்தான். ஆனால் ஒருத்திக்கென்று கொடுத்ததைப் பகிர்வதும், எல்லோருக்கும் பொதுவானதில் அவளுக்குக் குறைப்பதும் ஒரே வீட்டில் ஒரே நாளில் நடப்பதைப் பகிர்வு என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

நாங்கள் எங்கள் வீட்டில் செய்த மாற்றத்தைச் சொல்கிறேன். பெரிய புரட்சி ஒன்றும் இல்லை. மீனோ கோழியோ முட்டையோ, யாரும் உட்காருவதற்கு முன்பே எல்லாத் தட்டிலும் துண்டை வைத்துவிடுவது. வெளியே போயிருப்பவர் தட்டையும் சேர்த்து மூடி வைத்துவிடுவது. குழம்பும் சோறும் பிறகு எத்தனை முறை வேண்டுமானாலும் கேட்கலாம், துண்டு மட்டும் ஒரு முறைதான். பரிமாறுவதற்கென்று ஒருவர் நிற்காமல், பாத்திரங்களை நடுவில் வைத்து அவரவர் போட்டுக்கொள்வது. முதல் இரண்டு ஞாயிறு என் கணவர் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டார். மூன்றாம் ஞாயிறு, தமக்கு வந்த வால்துண்டில் முள் அதிகம் என்று குறைபட்டார். முப்பத்தைந்து ஆண்டாகத் தின்கிறவளுக்குத் தெரியாதா என்று நான் கேட்க நினைத்தேன். கேட்கவில்லை, மருமகள் கேட்டுவிட்டாள்.

உங்களை யார் சாப்பிட வேண்டாம் என்றார்கள், நீங்களாகத்தானே கடைசியில் உட்காருகிறீர்கள் என்று ஆண்கள் கேட்பார்கள். உண்மைதான், யாரும் தடுக்கவில்லை. ஆனால் தோசையை எடுத்துக்கொள்ளுங்கள். ஆறு பேருள்ள வீட்டில் தோசைக்கல் முன்னால் ஒருவர் நின்றே ஆக வேண்டும். சுடச்சுடக் கேட்கிறவர் சாப்பிட்டு முடித்து, பிள்ளைகள் முடித்து, கடைசி மாவில் இரண்டை ஊற்றும்போது சட்னிக் கிண்ணம் காலியாக இருக்கும்; மிளகாய்ப்பொடியைத் தொட்டுக்கொண்டு நின்றபடியே அவள் தின்பாள். அவளாகத்தான் நிற்கிறாள், சரி. அந்தக் கல் முன்னால் நீங்களாக வந்து நின்றது எத்தனை நாள்? என் மகன் இப்போது வாரத்தில் இரண்டு இரவு நிற்கிறான். வட்டமாக வருவதில்லை, அதைப் பற்றி யாரும் புகார் சொல்வதும் இல்லை. ஆட்டுரல் போய் கிரைண்டர் வந்துவிட்டது, விறகு போய் கேஸ் வந்துவிட்டது, மீன் சட்டியும் கொல்லையிலிருந்து அடுப்படிக்கு வந்துவிட்டது. தோசைக்கல் முன்னால் நிற்கும் ஆள் மட்டும் ஏன் மாறக்கூடாது என்று எனக்கு விளங்கவில்லை.

விருந்தாளி வந்தால் என்ன செய்வது என்று கேட்கிறவர்களுக்கு: விருந்தாளியை முதலில் உட்கார வைப்பது நம் மரபு, அதை மாற்றச் சொல்லமாட்டேன். ஆனால் விருந்தாளியோடு உட்காரும் வீட்டு ஆண்கள் விருந்தாளிகள் ஆகிவிடமாட்டார்கள்.

இன்னொரு சின்னப் பழக்கத்தையும் சொல்ல வேண்டும். கடைசியில் சாப்பிட்ட களைப்புக்குச் சாப்பிட்ட கையோடு ஒரு டீ குடிப்பது எங்கள் பக்கத்துப் பெண்களிடம் பரவலாக இருக்கிறது, நானும் குடித்தேன். கிடைத்த கொஞ்சம் இரும்புச்சத்தையும் உடம்பில் சேரவிடாமல் அந்த டீ தடுத்துவிடும். சாப்பாட்டுக்கு ஒரு மணி நேரம் முன்னும் பின்னும் டீ, காபி வேண்டாம் என்று 2024இல் வெளியான தேசிய உணவு வழிகாட்டியிலேயே சொல்லியிருக்கிறார்கள். அதற்குப் பதில் கீரையோடு அரை மூடி எலுமிச்சையைப் பிழிந்துகொண்டால் இரும்பு சேரும். இரவில் நெல்லிக்காய் கூடாது என்பவர்கள் பகலில் தின்னட்டும், அதிலும் அதே பலன் உண்டு.

கடைசியாகத் தங்களிடம் ஒரு வேண்டுகோள். தங்கள் இதழின் சமையல் பக்கத்தில் ஒவ்வொரு குறிப்பின் கீழும் 'நான்கு பேருக்கு' என்று போடுகிறீர்கள். கால் கிலோ மீன், எட்டுத் துண்டு, நான்கு பேர் என்று குறிப்பு சொல்கிறது; அதைப் படித்துச் சமைக்கிறவளின் தட்டில் எட்டில் இரண்டு விழுவதில்லை. இனி அந்த இடத்தில் 'ஒருவருக்கு இரண்டு துண்டு, சமைத்தவர் உட்பட' என்று ஒரு வரி சேர்த்துப் போட்டால் உங்களுக்கு அரை அங்குல இடம்தான் செலவாகும். இரத்தசோகை பற்றிய மருத்துவக் கட்டுரைகளை நலவாழ்வுப் பக்கத்தில் தனியாகப் போடுவதைவிட, இந்த ஒரு வரியைச் சமையல் பக்கத்திலேயே போடுவது அதிகம் பேர் கண்ணில் படும். அந்தப் பக்கத்தைத்தான் கத்தரித்து அடுப்படி அலமாரியில் ஒட்டி வைக்கிறோம்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற சத்துணவு அமைப்பாளர்,
திருத்துறைப்பூண்டி வட்டம், திருவாரூர் மாவட்டம்.